தங்கள் கருத்துப்படியே ஓர் அறை

நஜ்முதீன் அந்த முதல் அறையை வாங்கியபோது அவர் கையில் பாதி குடித்த சாயா இருந்தது. கன்னத்தில் விழுந்த அடியில் கண்ணாடித் தம்ளர் பறந்துபோய்க் கிராம்புத் தட்டில் விழுந்து உடைந்தது. அடித்த ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்த ஆளும் அடித்துவிட்டு ஓடவில்லை. அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பணிவாக ஒரு கும்பிடு போட்டு, "தங்கள் கருத்துக்கு நன்றி, இக்கா" என்றான், சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

இதைக் கேட்டு உங்களுக்கு ரத்தம் கொதித்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த அறை சும்மா வந்து விழவில்லை. நஜ்முதீன் வாயைத் திறந்து கேட்டு வாங்கிய அறை அது. அப்படித்தான் ஆணையம் சொல்கிறது. ஆணையம் பொய் சொல்லாது. எது உண்மை என்று முடிவு செய்கிற வேலையும் அதனிடமே இருப்பதால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு வருவதில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் டச்சுக் கொட்டாரம் என்கிற பழைய அரண்மனைக்குப் போகிற தெருவில் இருக்கிறது நஜ்முதீனின் கடை. மிளகு, ஏலம், சுக்கு, பட்டை, கிராம்பு. உள்ளே நுழைந்தவர்கள் ஒரு தும்மலாவது போடாமல் வெளியே வந்ததில்லை. ஐம்பது வயது தாண்டியும் அவர் யார் மேலும் கை ஓங்கியதில்லை. ஓங்குவது என்ன, தராசுத் தட்டைக்கூட டப்பென்று வைக்க மாட்டார். பள்ளுருத்தியில் கல்யாணங்களுக்குப் பாயசம் வைத்துக் கொடுக்கும் பேச்சியம்மாள், வழியில் இருக்கிற அத்தனை கடையையும் விட்டுவிட்டு பஸ் ஏறி இங்கே வருவது வெறும் ஏலக்காய்க்காக இல்லை. "வாங்கம்மா, உக்காருங்கம்மா"ன்னு நஜ்மு பாய் சொன்னாலே என் தலைவலி பாதி போயிரும் என்று அந்த அம்மாளே சொல்வதுண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அன்பாக நடந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எறணாகுளத்தில், ஏழாவது மாடியில், ஏசி அறையில் முடிவாயிற்று.

கடலோர விருந்தோம்பல் பண்பு மேம்பாட்டு ஆணையம் என்பது அதன் முழுப் பெயர். அது 'பண்பகம்' என்று ஓர் ஆன்லைன் பள்ளிக்கூடம் நடத்தியது. சுற்றுலா வருகிற தெருக்களில் கடை வைத்திருக்கும் எல்லாரும் அதில் 'அன்புள்ள வணிகர்' என்கிற படிப்பை மார்ச் முடிவதற்குள் முடித்தாக வேண்டும். முடிக்காதவர்களின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது, கடைக்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை. நஜ்முதீனுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு ஜோலி தெரியாது. அவர் மனைவி ஜுமைலாவின் போனைச் சுக்கு டப்பாமேல் சாய்த்து வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் படிக்க உட்கார்ந்தார்கள்.

முதல் பாடத்தில் ஆணையத்தின் இயக்குநர் வெங்கடேஸ்வரன் தோன்றினார். திருப்பூணித்துறைக்காரர். நல்ல சிவப்பு, தங்கக் கண்ணாடி. புன்னகையின் அவசியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேசிய நேரம் முழுவதும் அவர் உதடு ஒருமுறைகூட விரியவில்லை. நஜ்முதீன் இடையில் தூங்கிவிட்டார். பாடம் முடிந்ததும் 'அடுத்து' என்று ஒரு பட்டன் வந்தது. அதை அழுத்தினால் அடுத்த பாடம் வரவில்லை, இதே பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. திரும்ப முக்கால் மணி நேரம். திரும்பப் பட்டன். திரும்ப வெங்கடேஸ்வரன். அட, சைத்தானே!

கடைசியில் ஜுமைலாதான் வழி கண்டுபிடித்தாள். கீழே ஒரு கட்டம் இருந்தது. 'தங்கள் கருத்தால் எங்களை மேம்படுத்துங்கள்.' அதை நிரப்பி அனுப்பினால்தான் அடுத்த பாடம் திறக்குமாம்.

"எழுது ஜுமைலா. பட்டன் வேலை செய்யல, சரி பண்ணுங்க."

ஜுமைலா எழுதினாள். தமிழில் பேசுவார்களே தவிர, எழுத்து இருவருக்கும் மலையாளம்தான் வரும். "நூறு சொல்லுக்குக் குறையாம வேணும்னு காட்டுதுங்க."

"பட்டன் வேலை செய்யலங்கிறதுக்கு எதுக்கு நூறு சொல்லு?"

"எனக்கென்ன தெரியும்? எதாச்சும் சொல்லுங்க, போட்டு ரொப்பறேன்."

நஜ்முதீன் மோட்டுவளையைப் பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பாடம் கேட்டா தூக்கம் வருது. எங்க ஸ்கூல்ல அபூபக்கர் மாஸ்டர்னு ஒருத்தர் இருந்தாரு. எவனாவது கொட்டாவி விட்டா பளார்னு ஒண்ணு விடுவாரு. அப்புறம் அந்தப் பாடம் ஜன்மத்துக்கும் மறக்காது. இந்த வீடியோவுல அதெல்லாம் எங்க இருக்கு?" இப்படியே அபூபக்கர் மாஸ்டரின் கை, அவர் மோதிரம், அந்த மோதிரம் யார் யார் மண்டையில் பதிந்தது என்று போய் நூறு சொல் நிறைந்தது. ஜுமைலா அனுப்பினாள். அடுத்த பாடம் திறந்தது.

மறுநாள் காலை அந்தப் பாடத்தைப் பார்த்துக்கொண்டே சாயா குடிக்கையில் நஜ்முதீன் ஒரு கொட்டாவி விட்டார். அப்போது விழுந்ததுதான் நான் முதலில் சொன்ன அறை.

அடித்தவன் பெயர் ராமபத்ரன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. 'கவன உதவியாளர், பண்பகம்.' நாற்பது வயது, களரி பயின்ற உடம்பு. ஃபோர்ட்டுக் கொச்சியில் வெள்ளைக்காரர்களுக்குக் களரி காட்டுகிற மண்டபத்தில் இருந்தவன். மண்டபத்தை இழுத்து மூடியதும் ஆணையம் அந்தக் குழுவை மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொண்டது.

"ஏன்டா மோனே அடிச்சே?" என்றார் நஜ்முதீன். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம்.

"இக்கா கேட்டதுதானே? வீடியோவுல அடி இல்லைன்னு குறை எழுதியிருந்தீங்க. இயக்குநர் சார் படிச்சுட்டு அழுதே போயிட்டாராம். இவ்வளவு மனசு திறந்து யாரும் எழுதினதில்லையாம்."

"பட்டன் வேலை செய்யலன்னுதானேப்பா முதல்ல எழுதினேன்!"

"அது வேற டிபார்ட்மென்ட் இக்கா" என்றான் ராமபத்ரன். உடைந்த தம்ளரை அவனே பொறுக்கிப்போட்டான். நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த கருத்தில் நஜ்முதீன் கொதித்தார். ஒரு மனுஷனை, சொந்தக் கடையில் வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் அடிப்பதா? இதென்ன மரியாதை? நூறு சொல் போதவில்லை அவருக்கு. இரண்டு நாளில் பதில் வந்தது. 'முன்னறிவிப்பு இல்லை என்ற தங்கள் குறை களையப்பட்டது. இனி பயனரின் விருப்பம் கேட்கப்படும்.' அன்று முதல் ராமபத்ரன் அடிப்பதற்கு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "வலது கன்னமா இக்கா, இடது கன்னமா?" என்று கேட்கலானான். பதில் சொல்லாவிட்டால் இரண்டையும் தேர்ந்தெடுத்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

கன்னத்திலேயே அடித்தால் சோறு மெல்ல முடியவில்லை என்று எழுதினார். அடி முதுகுக்கு மாற்றப்பட்டது. கல்லாவைத் தாண்டி முதுகுக்குக் கை எட்டவில்லை என்பதால் கம்பு வந்தது. இந்தக் கம்பு எதற்கடா, யாரடா இதைக் கண்டுபிடித்தது என்று எழுதினார். கம்பைப் பற்றிப் போதிய விளக்கம் இல்லை என்ற குறையைப் போக்க, கம்பு வெட்டிய மரத்தின் பெயர், விளைந்த இடம், எண்ணெய் தடவி வைத்திருந்த காலம் எல்லாம் அச்சிட்ட வழவழப்பான ஒரு கையேட்டை ராமபத்ரன் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு அந்தக் கம்பாலேயே தோளில் போட்டான். நஜ்முதீன் மிளகு மூட்டைமேல் விழுந்தார். மூட்டை பிய்ந்து மிளகு தெருவரைக்கும் ஓடியது.

அந்த நேரம் பார்த்துக் கப்பலில் வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று தெருவில் போய்க்கொண்டிருந்தது. நின்றார்கள். பார்த்தார்கள். ராமபத்ரனுக்குப் பழக்கதோஷம், பார்வையாளர்களைக் கண்டதும் ஒரு துள்ளு துள்ளிக் கம்பைத் தலைக்குமேல் சுழற்றி இன்னொன்று வைத்தான். கூட்டம் கைதட்டியது. ஒரு கிழவி ஜுமைலாவிடம் வந்து, அடுத்த ஷோ எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஜுமைலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதையும் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

பக்கத்துக் கடை ராசப்பனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. போன மாதம் ஆலுவாவில் வார்த்த பித்தளை விளக்குகளுக்குப் புளியும் மண்ணும் பூசி, முந்நூறு வருஷத்துப் பழசு என்று விற்கிறவர் அவர். "நஜ்மு, உனக்கு மட்டும் கவர்ன்மென்டு ஆளு வர்றானே, என்னடா விஷயம்? மேல யாரைப் பிடிச்சே?" என்று கேட்டுப் பார்த்தார். நஜ்முதீன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். ராசப்பன் நம்பவில்லை. பெரிய சலுகை எதையோ மறைக்கிறான் என்றே நினைத்துக்கொண்டு, 'நஜ்முதீனுக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு எனக்கும் வேண்டும், இதில் பாரபட்சம் கூடாது' என்று கருத்து எழுதி அனுப்பினார்.

பாரபட்சம் என்ற சொல் ஆணையத்தை உலுக்கிவிட்டது. தாமதத்துக்கு ஈடாக இரண்டு பேரை அனுப்பினார்கள். ராசப்பனின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்கு 'படுத்த நிலைக் கற்றல்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்து, இடது கையில் திணித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எனக்கு எதுக்குடா வேண்டாத வேலை?" என்று அவர் கூரையைப் பார்த்துக் கேட்டது போட்டோவில் விழவில்லை.

பஜார் ரோட்டில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றில் பயனர் சங்கமம் நடந்தது. கட்டுப் போட்டவர்கள் முன்வரிசை, கோல் ஊன்றியவர்கள் ஓரம், உட்கார முடியாதவர்கள் பின்னால் நின்றார்கள். வெங்கடேஸ்வரன் மேடை ஏறினார்.

"அன்பர்களே! ஒரு காலத்தில் நாங்கள் அறையில் உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டோம். அது ஆணவம். இன்று நாங்கள் யோசிப்பதே இல்லை. நீங்கள் சொல்கிறீர்கள், நாங்கள் செய்கிறோம். உங்கள் ஒவ்வொரு அலறலையும் நாங்கள் பதிவு செய்கிறோம். முன்பு இந்தப் படிப்பைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் ஏராளம். இன்று ஒருவர்கூட ஓடவில்லை. ஏன்? ஓடக்கூடிய நிலையில் யாரும் இல்லை. இதைத்தான் ஈடுபாடு என்கிறோம்!"

உதவியாளர்கள் கைதட்டினார்கள். கை நன்றாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சிறந்த கருத்தாளர் விருது நஜ்முதீனுக்கு. மாலை போட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்தப் பட்டன்..." என்று ஆரம்பித்தார்.

"பாருங்கள்!" வெங்கடேஸ்வரன் நெகிழ்ந்துபோய் மைக்கை வாங்கிக்கொண்டார். "இந்த நிலையிலும் இவருக்குக் கருத்து வற்றவில்லை. பட்டனுக்குத் தனிக் குழு அமைத்திருக்கிறோம். அந்தக் குழுவை அமைப்பது பற்றி உங்கள் கருத்தைக் கேட்க ஒரு கட்டம் விரைவில் திறக்கப்படும்."

கடைசிக்கு முந்தின பாடத்தில் நஜ்முதீனின் முன்பற்கள் இரண்டும் போயின. குற்றம் யார் மேலும் இல்லை. முதுகில் வாங்க வேண்டியதை, பேச்சியம்மாள் வந்திருக்கிறாளே என்று "வாங்கம்மா" சொல்லத் திரும்பி, முகத்தில் வாங்கிவிட்டார். பேச்சியம்மாள் வீல் என்று கத்திவிட்டு, ராமபத்ரனைக் கையில் இருந்த குடையால் விளாசினாள். அவன் நின்று வாங்கிக்கொண்டான். "எனக்கும் ரெண்டு பெண் குழந்தைங்க இருக்கும்மா" என்று மட்டும் சொன்னான்.

மார்ச் கடைசி நாள். கடைசிப் பாடம். பாடம் என்று ஒன்றுமில்லை, போன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சரியாகச் சிரித்தால் மணி அடிக்கும், சான்றிதழ் இறங்கும். தெருமுனையில் அரக்கும் பூட்டுமாக ஆட்கள் வந்து காத்துக்கொண்டு நின்றார்கள்.

நஜ்முதீன் சிரித்தார். 'புன்னகை கண்டறியப்படவில்லை' என்றது போன். மறுபடி சிரித்தார். இல்லையாம். ஜுமைலா கல்யாணமான புதிதில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிப் பார்த்தாள். ராமபத்ரன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினான். விலா எலும்பு ஏற்கெனவே அவன் கைவண்ணம், நஜ்முதீன் வலியில் துடித்துப்போனார். மணி அடிக்கவில்லை.

"பல்லு இல்லாததால போன் கண்டுபிடிக்கல போல" என்றாள் ஜுமைலா.

"எழுது ஜுமைலா" என்றார் நஜ்முதீன். குரல் மாறியிருந்தது. "இயக்குநர் நேர்ல வந்து எப்படிச் சிரிக்கணும்னு காட்டட்டும். அப்பத்தான் எனக்கு வரும்."

பயனர் சொன்னால் நடந்துதானே ஆக வேண்டும்? மதியத்துக்குள் வெங்கடேஸ்வரன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். பின்னால் போட்டோகிராபர் ஒருவர். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பல்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், பாய். இந்தக் கேமரா பல்லைப் பார்க்காது. உள்ளத்தைப் பார்க்கும். உள்ளே நிஜமான சந்தோஷம் இருந்தால்தான் மணி அடிக்கும். ஏமாற்றவே முடியாது. முதல் பாடத்தை மறுபடி போடுங்கள், சேர்ந்து கேட்போம்" என்றார்.

போட்டார்கள். கடைக்குள் வெயில் தகித்தது. திரையில் வெங்கடேஸ்வரன் பேசினார், முக்காலியில் வெங்கடேஸ்வரன் கேட்டார். சிறிது நேரத்தில் முக்காலி வெங்கடேஸ்வரன் வாயைப் பிளந்து, தொண்டை தெரிய, ஒரு கொட்டாவி விட்டார்.

கடையில் இருந்த எல்லாரும் ராமபத்ரனைப் பார்த்தார்கள். திரைக்கு முன்னால் கொட்டாவி விட்டால் அடி, அதில் யாருக்கும் விலக்கு கிடையாது, ஆணையத்தின் சட்டமே அதுதான். ராமபத்ரன் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இக்கா, சம்பளம் கொடுக்கிற மனுஷன். என்னால முடியாது" என்று முணுமுணுத்தான்.

நஜ்முதீன் எழுந்தார். தான் எழுந்தது அவருக்கே தெரியாது என்று பிற்பாடு சொன்னார். அடித்தார் ஐயா, ஒரு அறை! அபூபக்கர் மாஸ்டரின் கை எங்கிருந்தோ வந்து அவர் தோளில் முளைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தங்கக் கண்ணாடி பறந்து தெருவில் விழுந்தது. வெங்கடேஸ்வரன் முக்காலியோடு சாய்ந்து ஏலக்காய் மூட்டையில் தலைகுப்புறப் போனார். உதடு கிழிந்து ரத்தம் பச்சை ஏலத்தில் சொட்டியது.

டிங்.

போனில் மணி அடித்தது. 'புன்னகை ஏற்கப்பட்டது. மிக இயல்பானது. இதுவரை பதிவானவற்றில் முதலிடம்.'

நஜ்முதீன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். வெங்கடேஸ்வரன் ஏலக்காய்க்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். ரத்தத்தைத் துப்பினார். கோபமா? அந்த மனுஷருக்குக் கோபம் என்ற ஒன்றே கிடையாது. அவர் கண்ணில் நீர் திரண்டது. "பேஷ்! பேஷ்! இதுன்னா கருத்து!" என்றார். "ஊரே இத்தனை நாளா அடி வாங்கித்து, ஒருத்தருக்கும் சிரிப்பு வரலை. ஏன் வரலைன்னு மண்டையை உடைச்சுண்டேன். அடி வாங்கினா வராது ஓய், கொடுத்தாத்தான் வரும்! எழுதிக்கோங்கோ, உடனே எழுதிக்கோங்கோ!"

அவர் காரில் ஏறி எறணாகுளம் போய்ச் சேருவதற்குள் பண்பகம் மேம்பட்டுவிட்டது. ஜுமைலாவின் போனில் செய்தி வந்தது. 'தங்கள் சான்றிதழ் தயார். தங்கள் கருத்தால் உருவான ஒரே ஒரு கூடுதல் பாடம் மட்டும் பாக்கி. இன்று மாலைக்குள் ஒரு வாடிக்கையாளருக்குக் கன்னத்தில் ஓர் அறை. முகமலர்ச்சியுடன்.' பூட்டுக்காரர்கள் தெருமுனையை விட்டுக் கடை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"வேண்டாங்க" என்றாள் ஜுமைலா. "கடை போனாப் போகட்டும். எங்க அண்ணன் பாலக்காட்டுல இருக்காங்க, அங்க போயிரலாம்."

"யாரு அடிக்கப்போறா? நானா? சும்மா கையை ஓங்கற மாதிரி காட்டறேன், அதுவே மதி, போதும். போன் எடுத்துக்கிடும். நீ பிடி."

ஜுமைலா புருஷனின் முகம் மட்டும் திரையில் விழுகிற மாதிரி போனைப் பிடித்தாள். அப்போதுதானா பேச்சியம்மாள் வந்து சேர வேண்டும்? பையும் குடையுமாகப் படியேறினாள். "பல்லு எப்படி இருக்கு நஜ்மு பாய்? வீக்கம் வத்திச்சா? நாளைக்குப் பெரிய கல்யாணம் ஒண்ணு. நல்ல ஏலமாப் பார்த்துக் கால் கிலோ போடுங்க" என்று முக்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார் நஜ்முதீன். பக்கத்தில் போய் நின்றார். குனிந்தார். குரலைத் தாழ்த்தி, எவ்வளவு பணிவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பணிவாகக் கேட்டார். "வலது கன்னமா அம்மா, இடது கன்னமா?"

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "ஐயே, ரெண்டுலயும்தான் வையுங்களேன்!" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தை நீட்டினாள்.

டிங்.

நஜ்முதீனின் கை இன்னும் இடுப்பளவுகூட உயர்ந்திருக்கவில்லை. 'புன்னகை ஏற்கப்பட்டது' என்றது போன். வாசலில் நின்ற ஆட்கள் பூட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். ஜுமைலா போனைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிப்போய் நின்று, தன் இரண்டு கன்னங்களையும் கையால் மூடிக்கொண்டாள்.